நாங்கள் கற்ற வோல்ட்டுக் கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசப்படுகிறது, இசை முழங்குகிறது, நாடகம் நடிக்கப்படுகிறது. இவ்வாண்டு மின்சாரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தபோது நாங்கள் தயங்கினோம். நாங்கள் பொறியாளர்கள் அல்லர். பகலெல்லாம் பயணச் சீட்டுக் கணக்கும், பார்சல் கணக்கும், சம்பளப் பட்டியலும் எழுதுகின்ற எழுத்தர்கள். எங்களுள் பெரும்பாலோர் பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர்கள். நாற்பது வயதைக் கடந்த பின், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கத்துப் படிப்பகத்தில் கூடி ஒரு பாடத்தைப் புதிதாகக் கற்றோம். மின்சுற்றிலே மின்னழுத்தம் காண்பது எப்படி என்பதே அப்பாடம். பேசுபவர் ஒருவர், கற்றவர் எண்மர். ஆதலின் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

இந்த வயதில் இப்பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ஓர் இரவு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதம். இவ்வூர்க் குளிரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. நம் குடியிருப்பில் கீழொன்றும் மேலொன்றுமாக இரண்டே வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். இரண்டிலும் நம் சங்கத்துக் குடும்பங்கள். பத்து ஆண்டுகளாகக் கீழ் வீட்டுக் குழம்பு மேல் வீட்டுக்கும், மேல் வீட்டுப் பலகாரம் கீழ் வீட்டுக்கும் போகாத நாளில்லை. அன்றிரவு கீழ் வீட்டில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. மேல் வீட்டுக் கூடத்தில் ஒரு பல்பு எரிந்தது. தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் இணைப்பில் இருந்தன. திடீரென மேல் வீட்டுப் பல்பு பகலவன் போல் ஒளி வீசிற்று. அடுத்த கணம் வெடித்தது. தொலைக்காட்சியின் பின்புறம் புகை எழுந்தது. குளிர்பதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. அதே வேளையில் கீழ் வீட்டு ஹீட்டர் செம்மை மங்கிக் கருத்துப் போயிற்று.

மறுநாட் காலையில் மேல் வீட்டாரின் தங்கை மகன் மெயின் பெட்டியைத் திறந்தான். அவன் அறிவுள்ள பிள்ளை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தான். 'கறுப்புக் கம்பி நியூட்ரல். அது ஒன்றும் செய்யாது' என்று நம்பி அதைத் தொட்டான். தூக்கி எறியப்பட்டான். உயிர் பிழைத்தது, உள்ளங்கையில் தழும்பு நின்றுவிட்டது.

பின்னர் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கம்பத்திலிருந்து அக்கட்டடத்துக்கு வரும் நியூட்ரல் கம்பியின் இணைப்பு, வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் அரித்துப் பிரிந்து கிடந்தது. அதை இணைத்துவிட்டுச் சென்றார்கள். கம்பி ஒட்டிற்று, மனங்கள் ஒட்டவில்லை. 'கீழ் வீட்டார் ஹீட்டர் போட்டு மின்சாரத்தை இழுத்ததால்தான் எங்கள் சாமான்கள் கருகின' என்றார்கள் மேல் வீட்டார். 'அவர்கள் ஏதோ கம்பியை மாற்றிவிட்டு எங்கள் மீது பழி போடுகிறார்கள்' என்றார்கள் கீழ் வீட்டார். அவ்வாண்டு விழாவில் இரு குடும்பத்தாரும் இம்மண்டபத்தின் இரு கோடிகளில் அமர்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அப்போதுதான் நம் மேஸ்திரியார் முன்வந்தார். ரெயில் பெட்டிகளின் விளக்கு வேலையிலே முப்பது ஆண்டு கழித்து ஓய்வு பெற்றவர். "சண்டையைத் தீர்க்க எனக்குத் தெரியாது. கணக்குச் சொல்லித் தரத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்றார். நாங்கள் எண்மர் சென்றோம். அவ்வெண்மருள் மேல் வீட்டுத் தலைவரும் ஒருவர்; கீழ் வீட்டு அம்மையாரும் ஒருவர். அந்த அம்மையார் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் மூத்த மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக வந்தார். இருவரும் விசிப்பலகையின் இரு முனைகளில் அமர்ந்தனர்.

முதல் ஞாயிறு. மேஸ்திரியார் ஒரு டார்ச் செல்லை எடுத்து, "இதன் தலையில் எத்தனை வோல்ட்டு?" என்று கேட்டார். ஒன்றரை என்றோம். "தலையில் மட்டும் தொட்டு அளந்து காட்டுங்கள்" என்று மல்டிமீட்டரை நீட்டினார். சிவப்பு முனையைச் செல்லின் தலையில் வைத்தோம். கறுப்பு முனை காற்றில் தொங்கிற்று. மீட்டர் சுழியே காட்டிற்று. கறுப்பு முனையைச் செல்லின் அடியில் வைத்த பின்னரே எண் தோன்றிற்று. "வோல்ட்டு என்பது ஓர் இடத்தின் சொத்தன்று. இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. எவரேனும் வோல்ட்டு என்று சொன்னால், எதற்கும் எதற்கும் இடையே என்று முதலில் கேளுங்கள்" என்றார். எங்கள் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலே அடங்கிற்று எனலாம்.

ரெயில்வேக்காரர்களாகிய நமக்கு இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. நிலையத்தின் பெயர்ப்பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். நீலகிரி மலை ரெயில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இரண்டுக்கும் இடையே 1,877 மீட்டர். என்ஜின் ஏற வேண்டிய ஏற்றம் அந்த வேறுபாடே. மின்னழுத்தமும் அத்தகையதே. உயரத்துக்குக் கடல் மட்டத்தைச் சுழி எனக் கொள்வது போல, மின்சாரத்துக்குத் தரையைச் சுழி எனக் கொள்வது வழக்கம்.

செல்களை வரிசையாக அடுக்கினால் அழுத்தங்கள் கூடும். 1800 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, இரு வேறு உலோகத் தட்டுகளையும் உப்பு நீரில் நனைத்த துண்டுகளையும் மாறி மாறி அடுக்கி முதல் மின்னடுக்கைச் செய்தார். அவர் பெயரே வோல்ட்டு என்ற அளவுக்கு இடப்பட்டது. 1.5 வோல்ட்டுச் செல்கள் மூன்றை அடுக்கினால் 4.5 வோல்ட்டு. தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் வகைக் குளிரூட்டிய பெட்டிகளின் அடியில் மேஸ்திரியார் படுத்து வேலை செய்தாரே, அங்கே 2 வோல்ட்டுக் கலங்கள் 56 ஐ வரிசையாக இணைத்துத்தான் 110 வோல்ட்டு முறைக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள்.

ஆனால் கூட்டலில் ஒரு கழித்தலும் உண்டு. எங்களுள் ஒருவர் மூன்று செல்களில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். மீட்டர் 4.5 காட்டவில்லை, 3 உம் காட்டவில்லை, 1.5 காட்டிற்று. தலைகீழான செல் தன் ஒன்றரையைக் கழித்துவிட்டது. வரவுப் பத்தியில் எழுத வேண்டியதைச் செலவுப் பத்தியில் எழுதினால் பேரேட்டில் இருமடங்கு பிழை காட்டுமே, அதே பிழை! அன்று எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. இது நமக்குத் தெரிந்த கணக்குத்தான் என்று துணிவு பிறந்தது.

மூன்றாம் ஞாயிறு ஓமின் விதி. கியோர்க் சைமன் ஓம் என்பவர் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன்; பள்ளி ஆசிரியர். 1827 இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். அவர் நாட்டில் அந்நூலுக்கு முதலில் உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1841 இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கிற்று. அவ்விதி மிக எளியது. ஒரு தடையின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள அழுத்தம், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கிய தொகைக்குச் சமம். மின்னோட்டத்தை ஆம்பியரிலும் தடையை ஓமிலும் வைத்துப் பெருக்கினால் விடை வோல்ட்டில் வரும்.

இதைக் கொண்டு நாங்கள் முதலிற் செய்த கணக்கைக் கேளுங்கள். மாணவர்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம். மூன்று செல்கள், 4.5 வோல்ட்டு. 100 ஓம் தடை ஒன்று, 200 ஓம் தடை ஒன்று. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில். ஒவ்வொரு தடையின் குறுக்கேயும் எத்தனை வோல்ட்டு?

முதற் படி: தடைகளைக் கூட்டுக. 300 ஓம்.

இரண்டாம் படி: அழுத்தத்தைத் தடையால் வகுத்து ஓட்டத்தைக் காண்க. 4.5 ஐ 300 ஆல் வகுக்க 0.015 ஆம்பியர். தொடர் இணைப்பில் வழி ஒன்றேயாதலால் எங்கும் இதே ஓட்டம்.

மூன்றாம் படி: ஒவ்வொரு தடையையும் ஓட்டத்தால் பெருக்குக. 100 ஓமின் குறுக்கே 1.5 வோல்ட்டு, 200 ஓமின் குறுக்கே 3 வோல்ட்டு.

நான்காம் படி: கூட்டிச் சரி பார்க்க. 1.5 உம் 3 உம் 4.5. கணக்கு நேராயிற்று.

பின்னர் மீட்டரை வைத்துப் பார்த்தோம். 1.52 என்றும் 3.05 என்றும் காட்டிற்று. எங்கள் கணக்குப் பிழையோ என்று அஞ்சினோம். மேஸ்திரியார் செல்களையே அளக்கச் சொன்னார். புதிய செல்கள்; மூன்றும் சேர்ந்து 4.57 இருந்தன. 1.52 உம் 3.05 உம் கூட்டினால் அதே 4.57!

அந்த நான்காம் படிக்கு ஒரு பெயர் உண்டு. அதுவே கிர்ச்சாஃபின் விதி. 1845 இல், மாணவராக இருந்தபோதே, கஸ்டாவ் கிர்ச்சாஃப் அதனைக் கூறினார். ஒரு சுற்றில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், ஏறிய வோல்ட்டும் இறங்கிய வோல்ட்டும் சமமாக இருக்க வேண்டும். மலை ரெயிலில் ஏறி, இறங்கி, புறப்பட்ட நிலையத்துக்கே வந்தால் பெயர்ப்பலகையில் பழைய உயரம்தானே இருக்கும்? பயணச் சீட்டு அலுவலகத்தில் பணி முடியும் நேரத்தில் விற்ற சீட்டும் பெட்டிப் பணமும் ஒத்து வராவிட்டால் நாம் வீடு திரும்ப முடியுமா? சுற்றைச் சுற்றி வந்து மிச்சம் நின்றால், எங்கோ ஒரு வோல்ட்டை எழுத மறந்தோம் என்பது பொருள்.

இனிப் பக்க இணைப்பு. அதே இரு தடைகளையும் ஒன்றன் அருகே ஒன்றாக, முனைகள் இரண்டும் செல்களின் முனைகளோடு சேருமாறு இணைத்தோம். இப்போது இரண்டின் குறுக்கேயும் 4.5 வோல்ட்டுத்தான். ஓட்டமே பிரிகிறது: ஒன்றில் 0.045 ஆம்பியர், மற்றொன்றில் 0.0225. நம் வீட்டு விளக்கும் விசிறியும் இவ்வாறுதான் இணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஒன்றை அணைத்தாலும் மற்றொன்று ஓடுகிறது; ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட்டு கிடைக்கிறது.

எங்களை மிகவும் திகைக்க வைத்தது அதற்கடுத்த ஞாயிற்றின் பாடம். செல்லும், சிறு பல்பும், சுவிட்சும் உள்ள சுற்று. சுவிட்சு மூடிப் பல்பு எரியும்போது சுவிட்சின் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட்டு என்று கேட்டார். முழு வோல்ட்டும் என்றோம். மீட்டர் சுழி காட்டிற்று. சுவிட்சைத் திறந்தால்? பல்பு அணைந்துவிட்டது, மின்சாரம் இல்லை, ஆகவே சுழி என்றோம். மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டிற்று! காரணம் கேளுங்கள். சுற்று அறுந்தவுடன் ஓட்டம் சுழி. ஓட்டம் சுழியானால் பல்பின் குறுக்கே பெருக்குத்தொகையும் சுழி. ஆனால் சுற்றின் கணக்கு நேராக வேண்டுமே! ஆகவே செல்லின் அழுத்தம் முழுவதும் அறுந்த இடத்தின் குறுக்கே வந்து நிற்கிறது. பல்பு எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று எண்ணுவது எத்துணைப் பெரும் பிழை!

தாய்மார்களே, கொலுவுக்கும் பொங்கலுக்கும் நாம் தொங்கவிடும் சீரியல் விளக்கை எண்ணிப் பாருங்கள். பழைய வகையில் நாற்பது சிறு பல்புகள் தொடராக இருந்தால், 230 ஐ 40 ஆல் வகுக்க ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட்டு. 'ஆறு வோல்ட்டுப் பல்புதானே, குழந்தை தொட்டால் என்ன' என்று நினைக்கிறோம். ஒரு பல்பைக் கழற்றிவிட்டால் அந்த வெற்று ஹோல்டரின் இரு முனைகளுக்கும் இடையே நிற்பது ஆறு வோல்ட்டன்று, 230 வோல்ட்டு. அதனுள் குழந்தையின் விரல் போனால் என்ன ஆகும்? ஆதலின் பிளக்கைப் பிடுங்காமல் ஒரு பல்பையும் மாற்றாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்பதாம் ஞாயிறு மேஸ்திரியார் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தார். எவர் பெயரையும் எழுதவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஃபேஸ், மற்றொரு வீட்டுக்கு இன்னொரு ஃபேஸ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டு. இரு ஃபேஸ்களுக்கும் இடையே 400 வோல்ட்டு. இருமுறை 230 என்றால் 460 அன்றோ என்று கேட்டோம். மும்முனை மின்சாரத்தில் ஃபேஸ்கள் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆகவே இரண்டால் பெருக்காமல் 1.732 ஆல் பெருக்க வேண்டும், 398 வரும், அதை 400 என்பார்கள் என்றார்.

பிறகு நியூட்ரல் கோட்டை ஈரத் துணியால் ஓரிடத்தில் அழித்தார். "இப்போது சொல்லுங்கள்" என்றார்.

நாங்கள் எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நியூட்ரல் இருந்த வரை இரண்டு வீடும் தனித்தனிச் சுற்று. நியூட்ரல் அறுந்ததும் மின்சாரம் முதல் ஃபேஸிலிருந்து மேல் வீட்டின் வழியே வந்து, கீழ் வீட்டின் வழியே புகுந்து, இரண்டாம் ஃபேஸுக்குப் போகிறது. இரண்டு வீடும் தொடர் இணைப்பாகிவிட்டன! நாங்கள் மூன்றாம் ஞாயிறு செய்த 100 ஓம், 200 ஓம் கணக்கேதான். செல்லுக்குப் பதில் 400 வோல்ட்டு.

கணக்கை எளிதாக்க, மேல் வீட்டில் 100 வாட் இழை பல்பு ஒன்று, கீழ் வீட்டில் 1000 வாட் ஹீட்டர் ஒன்று என்று கொண்டோம். 230 ஐ 230 ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை கிடைக்கும். பல்பு 529 ஓம், ஹீட்டர் 52.9 ஓம். பத்துக்கு ஒன்று. 400 ஐப் பதினொரு பங்காக்கினால் பல்புக்குப் பத்துப் பங்கு, 363.6 வோல்ட்டு, ஹீட்டருக்கு ஒரு பங்கு, 36.4 வோல்ட்டு. இரண்டையும் கூட்ட 400. இழையின் சூடு மாறும்போது தடையும் சிறிது மாறும். ஆயினும் நடந்தது இதுவே. 230 வோல்ட்டுக்கு ஆன பல்பு 363 இல் வெடிக்காமல் என்ன செய்யும்? 36 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் 25 வாட் அளவே காயும். அது மங்காமல் என்ன செய்யும்?

கீழ் வீட்டு ஹீட்டர் எரிந்ததால் மேல் வீட்டில் வோல்ட்டு ஏறிற்று என்பதும் கணக்கில் இருந்தது. கணக்கு எதையும் மறைப்பதில்லை. ஆனால் நியூட்ரல் இருந்திருந்தால் பத்து ஹீட்டர் போட்டாலும் மேல் வீட்டுக்கு இந்தக் கேடு வந்திராது என்பதும் அதே கணக்கில் இருந்தது. எவரும் எதையும் இழுக்கவில்லை. எவரும் கம்பியை மாற்றவில்லை. பிரிந்தது கம்பத்தின் மேலிருந்த ஓர் இணைப்பு.

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் மேல் வீட்டுத் தலைவர் பலகையின் மறுமுனையைப் பார்த்து, "தங்கச்சி, அன்றைக்குக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றுதானே ஹீட்டர் போட்டீர்கள்? அதுவும் குளிர்ந்துபோயிற்றா?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணா. விடியும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தோம்" என்றார் அந்த அம்மையார்.

அவ்வளவே. மன்னிப்பு எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் எழவில்லை. மறு ஞாயிறு இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் நாங்கள் நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. இன்று இவ்விரு குடும்பத்தாரும் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளையின் கைத் தழும்புக்கும் விடை அன்றே கிடைத்தது. அவன் தன் வீட்டு மெயினை அணைத்திருந்தான். ஆனால் கீழ் வீட்டில் மின்சாரம் இல்லை என்று எண்ணி, சுவிட்சுகளைப் போட்டபடியே விட்டிருந்தார்கள். கீழ் வீட்டு ஃபேஸ், அங்கிருந்த எரியாத பல்பின் வழியே, அறுந்த நியூட்ரலுக்கு வந்து நின்றது. ஓட்டமில்லாத சுற்றில் முழு அழுத்தமும் அறுந்த இடத்தில் நிற்கும் என்று படித்தோமே! அறுந்த அந்த இடத்தின் ஒருபுறம் கறுப்புக் கம்பி, மறுபுறம் தரை. இரண்டுக்கும் இடையே 230 வோல்ட்டு. அந்த இடைவெளியில் அவன் நின்றான். நியூட்ரல் என்ற பெயரும் கறுப்பு என்ற நிறமும் எவரையும் காப்பதில்லை. விளக்குகள் திடீரென மிகையாக ஒளிர்ந்தாலோ, ஒரு வீட்டில் மங்கி மறு வீட்டில் பிரகாசித்தாலோ, உடனே மெயினை அணையுங்கள். அண்டை வீட்டாரையும் அணைக்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியைத் திறவாமல் தகுதி பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். நாங்கள் கற்றவை எல்லாம் டார்ச் செல்லில் கற்றவை. வீட்டு மின்சாரத்தில் மீட்டர் வைப்பது அதற்குரிய பயிற்சி பெற்றவர் வேலை.

இளைஞர்களுக்கு இன்னும் ஒரு சொல். 1925 பிப்ரவரி 3 ஆம் நாள் பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு இந்நாட்டின் முதல் மின்சார ரெயில் ஓடியபோது மேற்கம்பியில் 1,500 வோல்ட்டு. 1957 இல் 25,000 வோல்ட்டு முறையை நம் ரெயில்வே தேர்ந்துகொண்டது. நம் குடியிருப்பின் ஓரத்தில் செல்லும் கம்பி அத்தகையது. அதில் குருவி உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்பீர்கள். எதற்கும் எதற்கும் இடையே என்று கேளுங்கள். குருவியின் இரு கால்களும் ஒரே கம்பியில். இடையே வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். பெட்டியின் கூரைமேல் ஏறிப் படம் பிடிக்க நிற்பவனின் கால் தரையோடு தொடர்புடைய இரும்பில். தலைக்கு மேலே கம்பி. இடையே 25,000 வோல்ட்டு. அது தொடும் வரை காத்திராது, நெருங்கினாலே பாயும். இரண்டு மீட்டருக்குள் நெருங்காதீர்கள் என்று எச்சரிப்பது அதனால்தான். அறுந்த பட்டத்தின் நூல் அங்கே தொங்கினால் விட்டுவிடுங்கள். வேறு பட்டம் நாங்கள் வாங்கித் தருகிறோம்.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டு வந்து இங்கே வாழும் நமக்கு அண்டை வீடே உறவினர் வீடு. அந்த உறவு ஒரு பல்பு வெடித்ததில் அறுந்துபோகப் பார்த்தது. கூட்டலும் வகுத்தலும் மட்டுமே தெரிந்த எண்மர் ஒன்பது ஞாயிறு உட்கார்ந்ததில் மீண்டது. வரும் ஞாயிறு முதல் அதே படிப்பகத்தில் புதிய வகுப்புத் தொடங்குகிறது. மேஸ்திரியார் வருவார். மீட்டர் சங்கத்தினது. மூன்று டார்ச் செல்லும் ஒரு நோட்டும் நீங்கள் கொண்டு வந்தால் போதும். பத்தாம் வகுப்பு மாணவரும் வரலாம். அவர்தம் பாட்டியாரும் வரலாம்.